அடுத்த அறையின் காது

ஜூலை 8, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் சைக்கிள் மணி இன்று காலை சாத்தூர் ரோட்டில் கழன்று விழுந்து அமரரானது. ஊர்வலம் கிடையாது. இனி வாயாலேயே கிணிகிணி.

வெயில். காற்றெல்லாம் புழுதி. கணக்கு டெஸ்ட். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மணியை மாட்டித் தந்தவன் செல்வம். எட்டாம் வகுப்பில். கருமருந்தே இல்லாத வெறும் காகித வெடிக்குத் திரி வைத்து, ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டருக்குக் கீழே நாங்கள் பற்ற வைத்த அதே வருஷம். பள்ளிக்கூடமே காதைப் பொத்தியது. 'புஸ்.' செல்வத்துக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். அதிலேயே மாட்டிக்கொண்டோம். அந்த விக்கலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். முழங்கால் எலும்பில் அபூர்வமான புற்றுநோயாம். வெள்ளிக்கிழமை ஸ்கேன். கட்டி சுருங்கியிருந்தால் கால் தப்பும். இல்லையென்றால்... எழுத மாட்டேன்.

போனில் அவன்: "அபூர்வப் பிறவின்னு எங்கம்மா சொன்னப்ப நீ நம்பலயேலே!"

"காது எப்படிலே இருக்கு?"

"மருந்து ஏத்துனதுலருந்து உள்ள குக்கர் விசில். அம்மா கரண்டியக் கீழ போட்டாக்கூட உசுரு போகுது."

ஜூலை 9, புதன்

மதுரைக் காலேஜிலிருந்து எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வந்தார். மனிதனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஆராய்ச்சி. கையில் இருந்த டீ ஆறும்வரை விளக்கினார். ஆறாய்ச்சி.

முதலில் முகப் படங்கள். கோபமா, சும்மாவா? வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஆள் எங்களுக்குச் 'சும்மா'. அக்கா கணக்கில் கோபக்காரர். அப்படிப் பார்த்தால் எங்கள் எம். புதுப்பட்டி பஸ்ஸில் ஏறவே முடியாது.

அடுத்தது விளையாட்டு. ஒவ்வொருவராக, தனியாக. ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதிராளிக்கு முந்திப் பட்டனை அமுக்க வேண்டும். ஜெயித்தால், அடுத்த அறையில் இருக்கும் எதிராளி காதில் சத்தம் விடலாம். ஒன்று முதல் பத்து வரை, நம் இஷ்டம்.

நான்? ஒவ்வொரு தடவையும் பத்து. பதினொன்று வைக்காதது நிர்வாகக் கோளாறு. வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

அக்கா தலையில் கை. "எல்லாரும் பத்து வச்சிருக்கீங்க! முகம் தெரியாத ஆள் மேல அவ்வளவு கோபமா?"

முத்துலட்சுமி எழுந்தாள். "கோபமா? எங்கப்பா கம்பெனில சாம்பிள் வெடிச்சுக் காட்டுறவரு. ஆர்டர் குடுக்க வாரவுகளுக்குப் பெரிய வெடியாத்தான் போடுவாக. அதான்க்கா மரியாத. அடுத்தவுகளுக்கு ஊசி வெடியா குடுக்கச் சொல்லுதீக?"

அக்கா பேனாவை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த குண்டு: அந்த அறையில் யாருமே இல்லையாம். எதிராளி வெறும் கம்ப்யூட்டராம்.

"ஆனா ஒரே ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் ஒன்னு. பேரு சொல்ல மாட்டேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன்: "எவன்லே அந்தத் தொடைநடுங்கி!"

ஒரே சிரிப்பு. அதிகம் சிரித்தவன் நான்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு. மத்தியானம் அடித்தது.

"டாக்டர் சொல்லிட்டாகலே. கட்டி சுருங்கிருச்சு. ஆபரேஷன் உண்டு, ஆனா காலு என் கூடவேதான் வரும்."

அக்காவின் பட்டன் விளையாட்டைப் பற்றி அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவனே தொடர்ந்தான். "கட்டியில ஒரு துணுக்க ஆராய்ச்சிக்குக் கேட்டாக. குடுத்துட்டேன். நீ வெறும் பட்டன் அமுக்குன பய, நான் சதையவே குடுத்தவன். ஆமா, எம்புட்டு வச்ச?"

"பத்து."

"பாவி! அடுத்த ரூம்ல நான் இருந்திருந்தா?"

"செத்துருப்பே" என்றேன். சிரித்தான். விக்கல் வந்தது.

சரி. யாரும் பார்க்கவில்லை, எழுதிவிடுகிறேன். அந்த 'ஒன்று' நான்தான். அவன் மதுரையில் கிடக்கிறான் என்று தெரியும். தெரிந்தும், ஹெட்போனை மாட்டியதும் அடுத்த அறையில் அவனே உட்கார்ந்திருப்பது போல. விரல் மேலே போகவே இல்லை.

சைக்கிள் மணியும் தானாகச் சாகவில்லை. நான்தான் கழற்றினேன். பின்னால் உட்கார அவன் வருவான் அல்லவா, அந்தக் காதோடு.