மஃரிப் வரை அறுபடாத லைன்

மாமி,

உங்கள் பழைய வாயில் சேலையை வெட்டி மானிட்டருக்கு நீங்கள் தைத்த உறையை இன்று துவைத்துக் காயப்போட்டேன். உப்புக் காற்றில் ஓரமெல்லாம் இற்றுவிட்டது. பிழியும்போதே உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

கல்யாணம் முடிந்து துபாய்க்குத் திரும்பும் முன், உங்கள் மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி நெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே அவர் அறையில் எல்லோருக்குமாக ஒரே கம்ப்யூட்டர். முறை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் நம் வீட்டில் அது எந்நேரமும் இணைப்பில் இருக்க வேண்டும். ஆனால், கையை எடுத்துச் சற்று நேரம் ஆனால் போதும், இணைப்பு அறுந்துவிடும். நாம் இல்லை என்று எண்ணி அவர் எழுந்து போய்விடுவார், அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார்.

லைன் பார்க்க டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்தவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. "நல்லாத்தானம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு நீங்களே காவல் இருந்தீர்கள். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாட்களில், உங்களுக்கு ஒரு கையில் தஸ்பீஹ் மணி, மறு கையில் மௌஸ். மீன் ஆணத்தைக் கிண்டிவிட்டு வருவதற்குள் அறுந்திருக்கும். "எளவு, கைப்பிள்ளைய விட மோசமால்ல இருக்கு இது" என்று திட்டுவீர்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் போன் செய்தார். பாலைவனத்துக்குள் வேறு வேலைக்கு அனுப்புகிறார்களாம். அங்கே நெட் கிடையாது. எத்தனை மாதம் என்றும் தெரியாது. "நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு நெட்டுல வாரேன். பிள்ளையக் காட்டுங்க" என்றார். அதுவரை அவர் மகளின் முகத்தைப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்ததுதான் என்றாலும் உள்ளே கைவைக்கப் பயம். சென்னையில் இருந்த கொழுந்தனாரைப் போனில் கேட்டால், "எதையும் மாத்திப்புடாதீங்க மதினி, லீவுல வந்து நான் பாக்குறேன்" என்றார். நீங்கள் போனை வாங்கினீர்கள். "ஏலே, நீ வாரதுக்குள்ள பிள்ள நடந்துரும். கெட்டாக் கெட்டுப் போகுது, நான் சொல்லிக்கிர்றேன். அவ பாக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ஸ்கிரீன் சேவரை நிறுத்தினேன், அறுந்தது. கம்ப்யூட்டர் தூங்கப் போவதை நிறுத்தினேன், அப்போதும் அறுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்ற நீங்கள், "அழுவாத. இன்னும் எங்கனயாச்சும் இருக்கும், தேடு" என்றீர்கள்.

இருந்தது. நெட் லைன் வந்து சேரும் நெட்வொர்க் கார்டுக்கான பக்கம் ஒன்றில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டர் இந்தக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

தொடாமல் விட்டோம். திரை மட்டும் இருண்டது. சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டினால், இணைப்பு அப்படியே இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் நெற்றியில் முத்தமிட்டீர்கள்.

மறுநாள் மதியம் இருண்டு கிடந்த திரைக்குள்ளிருந்து அழைப்பு மணி அடித்தது. பிள்ளையைக் காமிரா முன் நீங்கள்தான் ஏந்தினீர்கள்.

"உம்மா, எம் மூக்குல்ல இது!"

"ஆமாலே, அது வேற எங்கன போவும்?"

ஊருக்கு வெளியே போகிறவன் என்று அறையில் இருந்தவர்கள் தங்கள் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். இடையில் நீங்கள் அஸர் தொழப் போனீர்கள். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன். மௌஸைத் தொட ஆளில்லை. திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். பேச்சு தீர்ந்த பிறகும், மடியில் பிள்ளை தூங்க, நீங்கள் அவரையும் அவர் உங்களையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை லைன் அறுபடவே இல்லை.

அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் ஜனாஸாவுக்கு அவரால் வந்து சேர முடியவில்லை.

இப்போது நான் பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எதையும் திறந்து பார்க்கப் பயமில்லை. அந்தத் துணிச்சல் நீங்கள் கொடுத்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றையும் கொடுத்துப் போயிருக்கிறீர்கள். அவர் விடுப்பில் வந்த அன்று உங்கள் கபுரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என்ன சொல்லித் தேற்றப்போகிறேன் என்று கலங்கி நின்றேன். "அந்த வெள்ளிக்கிழம கண்ணு நெறய உம்மாவப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டார். நான் ஒரு வார்த்தையும் தேட வேண்டியிருக்கவில்லை, மாமி.