சேர்த்தா, பிரித்தா

அன்புள்ள வாண்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை மனம் வரவில்லை. போனை நீ எடுப்பதே இல்லை, அதனால்தான் காகிதம்.

அச்சகத்தில் இப்போது மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற ஆங்கிலத் தாள்கள்தான் வேலை, பிழை பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறது. எவ்ரிடே என்பதைச் சேர்த்து எழுதினால் சாதாரணம், பிரித்தால் தினமும். மேபி சேர்ந்தால் ஒருவேளை, பிரிந்தால் இருக்கலாம். ஆல்ரெடி ஒன்றாக இருந்தால் ஏற்கெனவே, இரண்டானால் எல்லாம் தயார். இப்படித் தினம் ஒரு வரியை உனக்குப் போனில் அனுப்பி, சேர்த்தா பிரித்தா என்று கேட்பேன், நீயும் சேர்த்தால் ஒன்று, பிரித்தால் இரண்டு என்று பதில் போடுவாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறவளுக்கு இது தெரியாதா? சாப்பிட்டாயா தூங்கினாயா என்றால் உனக்கு எரிச்சல் வருகிறது, இதைக் கேட்டால் உடனே பதில் வருகிறது. அந்த ஒரு எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு டீ இறங்கும்.

போன வாரம் எவ்ரிடேக்குத் தப்பாகச் சொன்னாய். மறுநாள் ஆல்ரெடிக்கும் தப்பு. அப்பாவிடம் சொன்னால், அவளுக்கு வேல ஜாஸ்தி, நீயா எதையாவது கெளப்பாத என்கிறார், ஆனால் குளிக்கும்போதுகூடக் குழாயை மூடிவிட்டு, போன் அடிச்சுதா என்று குரல் கொடுக்கிறார். செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றே, அப்பா படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அனுப்பினேன். பதறாதே, விழவில்லை, நான் செய்தது தப்புதான். அதற்கும் நீ இரண்டு என்று பதில் போட்டிருக்கிறாய். நான் அனுப்புவதை நீ படிப்பதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வேலை போய்விட்டதா, உடம்பு முடியவில்லையா, யாராவது மனதை நோகடித்தார்களா? எதுவானாலும் சொல்லு, பூசி மெழுகாதே. நான் திட்ட மாட்டேன், அப்பா திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், பெட்டியும் கட்டியாயிற்று. வர வேண்டாம் என்று சொல்வதற்காவது ஒரு போன் பண்ணு. சொன்னாலும் வருவேன், உன் குரலைக் கேட்டுவிட்டு வருவேன்.

உன் அம்மா