சீல் இல்லாத ரிப்போர்ட்

12.3.2001, திங்கள்

உரிகம் ஸ்டேஷனில் ஏறியதும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அதோடு இன்றைய அதிர்ஷ்டம் தீர்ந்தது. நூலகத்தைத் திறப்பதற்குள் வித்யாலட்சுமி மேடம் வந்து நின்றார். எங்கள் விமான ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளில் சின்னவர். விமான மாதிரியைக் காற்றடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைப் பற்றிய அமெரிக்க அரசாங்க ரிப்போர்ட் ஒன்றுக்காகப் பொங்கலிலிருந்து நடையாய் நடக்கிறார். எழுதிப் போட்டிருக்கிறோம், கப்பலில் வரும், அதுவும் அஞ்சலட்டை அளவு ஃபிலிமாகத்தான் வரும் என்று மறுபடியும் சொன்னேன். தங்கச் சுரங்கத்தை மூடி என் வீட்டுக்காரர் குணசேகர் வேலையில்லாமல் உட்கார்ந்ததிலிருந்து சுரங்கம் என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை.

16.3.2001

வந்துவிட்டது. கப்பலில் இல்லை, இன்டர்நெட்டில். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேடம் முழு ரிப்போர்ட்டையும் இறக்கிவிட்டார். “மேரி மேடம், இனிமே உங்கள தொந்தரவு பண்ணமாட்டேன்” என்றார். அப்பாடா!

17.3.2001

இனிமேல் தொந்தரவு பண்ணமாட்டார் — அது நல்ல சேதிதானா?

2.4.2001

நூலகத் தலைவர் தேசிகன் சார் கூப்பிட்டார். எல்லா ரிப்போர்ட்டும் இன்டர்நெட்டில் வந்துவிடுவதால் என் ரிப்போர்ட் அறையை மூடப்போகிறார்களாம். “உங்கள சர்ப்ளஸ்னு காட்டப்போறா. ராஞ்சில காலியிடம் இருக்காம்.”

ராஞ்சியா? பையன் பத்தாவது போகிறான். குணாகிட்ட எப்படிச் சொல்றது? அது ஏற்கெனவே சரியா சாப்புட மாட்டேங்குது. சனியன் புடிச்ச கம்ப்யூட்டர்.

சொல்லவில்லை.

13.4.2001, பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யும்போதும் ராஞ்சிதான் நினைவில். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

3.5.2001

இனிமேல் வரமாட்டேன் என்ற வித்யாலட்சுமி மேடம் ஓடி வந்தார். அவருடைய திட்டக் கோப்பைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டதாம். இணைத்திருந்த ரிப்போர்ட்டில் நூலக சீல் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம், சீல் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

சீல் குத்த வேண்டுமென்றால் நூலகத்தில் பிரதி இருக்க வேண்டும். பிரதி என்றால் பைண்டு செய்து எண் போட வேண்டும். மேடம் மறுபடி அச்செடுத்து ஒரு மூட்டைக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு குத்தினேன்.

11.6.2001

விஷயம் பரவிவிட்டது. எல்லாரும் இறக்குகிறார்கள், அச்செடுக்கிறார்கள், கட்டுக்கட்டாக என்னிடம் தூக்கி வருகிறார்கள். கப்பல் காலத்தில்கூட இவ்வளவு வந்ததில்லை. தேசிகன் சார் இன்னும் இரண்டு அலமாரி கேட்டு எழுதியிருக்கிறார். மெதுவாக ராஞ்சியைப் பற்றிக் கேட்டேன்.

“ராஞ்சியா? அப்போ இதையெல்லாம் யார் அடுக்கறது?”

ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான்.

12.6.2001

நேற்று ராத்திரி குணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராஞ்சி என்றதும் முகம் கறுத்தது. சீல் கதைக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். மைன்ஸ் மூடிய பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவேயில்லை. என் விரலில் ஒட்டியிருந்த சீல் ஊதா மையைத் தொட்டுப் பார்த்து, “கழுவாத மேரி, இருக்கட்டும்” என்றார்.

பிறகு இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.