எங்க வூட்டுக் குப்பைய வந்து பாரு

இன்று காலை காசிமேட்டில் தூக்குச் சட்டியை நீட்டியதும் மீன்காரம்மா சிரித்துவிட்டார். அவர் கையில் கறுப்புக் கவர் தயாராக விரிந்திருந்தது. "இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா, சாம்பார் வாங்க வந்தியா?" பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மூடியைத் திறந்துகொண்டு அப்படியே நின்றேன். சங்கரா மீன் பொத்தென்று சட்டிக்குள் விழுந்தது. நீ உயிரோடு இருந்தபோது, இதே சட்டியை நீ நீட்டும் நேரம் பார்த்து, உன் புருஷன் என்று தெரியாதபடி பத்தடி தள்ளி நின்றவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எர்ணாவூரில் நமக்கு வீடு ஒதுக்கியபோது, பின்னால் இருந்த காலி மனை உனக்குப் பிடித்திருந்தது. காற்று வரும் என்றாய். வந்தது புகைதான். மூன்று பிளாக் குப்பையும் அங்கேதான் விழும். சாயங்காலம் ஆனால் யாராவது கொளுத்திவிடுவார்கள். நம் மகளுக்கு இழுப்பு வந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் மருந்துக்காற்று மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீடு திரும்பிய நீ, நேராக அந்த மனைக்குப் போனாய். பாதி எரிந்த குவியலில் நாம் வாங்கும் பால் கவர் கிடந்தது.

"நம்மளே வாங்கி, நம்மளே கொளுத்தி, நம்ம பொண்ணு மூஞ்சில நம்மளே ஊதிகினு கீறோம்யா."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாய். பால் கவரைக் கழுவி, கொடியில் துணியோடு காயப்போட்டு, பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்தாய். என் கிழிந்த காக்கி பேன்ட் இரண்டு பைகளாயிற்று. காய்த் தோலெல்லாம் ஓட்டை போட்ட பெயின்ட் வாளியில், காய்ந்த சருகோடு மக்கி உரமாக மொட்டைமாடிக்குப் போனது. வாஷிங் மெஷின் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, "கக்கூஸுக்கு இத்த ஊத்து, குழாயைத் தொறந்த, கைய ஒடிச்சிடுவேன்" என்றாய். நான் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு முதுகு நோக வருகிறவன். எனக்கு எரிச்சலாக வரும். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தொழிற்சாலையைக் காட்டினேன்.

"அந்தப் புகைக்கூண்டு ராத்திரி பகலா ஊதிகினு கீது. நீ ஒரு பால் கவரைக் கழுவி இன்னா கிழிக்கப் போற?"

"அவனையும் கேக்கத்தான் போறேன். மொதல்ல என் வூட்ட சரி பண்ணிக்கிறேன்" என்றாய்.

நிஜமாகவே கேட்டாய். அந்தத் தொழிற்சாலையைப் பெரிதாக்கப் போவதாகச் சொல்லி, கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். காயும் துணியில் சாம்பல் விழுகிறது, பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று நம் ஜனங்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மேடையில் இருந்த தொழிற்சாலைக்காரர் மைக்கை இழுத்து, "மொதல்ல நீங்க குப்பையைக் கொளுத்தறத நிறுத்துங்க. சுற்றுச்சூழல் அவங்கவங்க வீட்டுலருந்து ஆரம்பிக்கணும்" என்றார். எல்லோரும் கொளுத்தியவர்கள்தானே, யார் வாய் திறப்பது?

நீ எழுந்தாய்.

"நாங்க ஆரம்பிச்சு ஒரு வருசம் ஆவுது சார். எங்க வூட்டுக் குப்பைய வந்து பாரு. ஒரு துண்டு நாங்க கொளுத்தறதில்ல. இப்ப உங்க புகைய யாரு வந்து பாக்கிறது? அத்த சொல்லு."

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காரு" என்றேன். ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். விம்கோ நகர் தாண்டியதும் மெதுவாக, "ஊரே நின்னு கேட்டுகினு இருந்துச்சு. நீ ஒருத்தன்தான் முந்தானைய இஸ்த" என்றாய். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

தொழிற்சாலை பெரிதாகிவிட்டது. அதை மறைக்க முடியாது, ஜன்னலிலேயே தெரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நம் பிளாக்கிலிருந்து யாரும் அந்த மனையில் கொளுத்தவில்லை. அதுவும் நடந்ததுதான்.

ஒருநாள் மாரை அடைக்கிறது என்று சமையலறையில் உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் தம்பி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டான். பந்தி போடும்போதுதான் கவனித்தேன். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட் மூட்டை மூட்டையாக. எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது.

"இதுல ஒன்னு கூடப் பிரிக்கக் கூடாது. எல்லாத்தையும் திருப்பி அனுப்பு."

"துக்க வூட்டுல இன்னா மாமா பேஜாரு பண்ற? ஜனங்க பசியோட கீறாங்க."

"இருக்கட்டும். அவ சோத்த இதுல தின்னக் கூடாது."

சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம் மகள் எழுந்து போய், வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். அரை மணி நேரத்தில் நான்கு மாடியிலிருந்தும் எவர்சில்வர் டம்ளர்கள் இறங்கி வந்தன. உன் தம்பி முறைத்துக்கொண்டே பைக்கை எடுத்துப் போய் வாழையிலைக் கட்டோடு வந்தான். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். குறை சொன்னவர்கள் சொன்னார்கள். நீ போனதற்கு அன்றைக்குத்தான் அழுதேன், சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு.

இப்போது மொட்டைமாடியில் ஆறு உர வாளி இருக்கிறது. நமது இரண்டு, மற்ற நான்கும் மூன்று வீட்டுக்காரர்களுடையது. முட்டி வலியோடு தினமும் காய்த் தோல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். போன வாரம் படியில் ஒருவர் வழிமறித்து, "சொன்னவளே பூட்டா, இன்னும் இன்னாத்துக்கு இத்த தூக்கிகினு அலையற?" என்று கேட்டார். உனக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் பாவம் என்று விட்டிருப்பார். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். "அவளுக்காக இல்ல. இங்க நான் உயிரோட கீறேன், அதுக்குத்தான். வழிய வுடு" என்றேன்.

அவர் ஒதுங்கினார். நான் வாளியோடு மேலே ஏறினேன்.