வானத்து வீடு விழுந்த கிழமை

8.7.79 ஞாயிறு

சோளகக் காற்று ஓயவில்லை. மேசை, கதிரை, றேடியோ, எல்லாவற்றிலும் செம்புழுதி. இரண்டு தடவை துடைத்தாயிற்று.

கிளிநொச்சிச் சந்தைக்குப் போனது வீண். கத்தரிக்காய் முழுக்கப் புழு. வாங்க மறந்தவை: சலவை நீலம், கற்பூரம், வீடு கூட்டத் தும்புத்தடி.

போன இடமெல்லாம் ஸ்கைலாப் கதைதான். அமெரிக்கர் வானத்தில் விட்ட அந்த வீடு இந்தக் கிழமை விழுகிறது. எங்கே என்று விட்டவர்களுக்கே தெரியாது. மீன்காரிக்குத் தெரியும்: "எங்கட தலையிலதானாம் அம்மா. பேப்பரில போட்டிருக்காம்." பேப்பரில் அப்படி இல்லை. இங்கிலீசுப் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பூமியில் கடல்தான் அதிகம், ஆளில் படுவது மிக அரிது என்று இருக்கிறது. சொன்னேன். "அம்மாவுக்கென்ன, கொங்கிறீட் வீடு" என்று மீனைப் புரட்டினாள். மீனும் நாறல்.

9.7.79 திங்கள்

வெயில். தலையிடி.

சந்தி முழுக்கக் கோழி இறகு. "சாகிறதெண்டால் வயிறு நிறைஞ்சு சாவம்" என்று ஒருவர் என்னைப் பார்த்தே சொன்னார், வாயோரம் எண்ணெயுடன். அருவருப்பு.

மேலே விட்டவர்களை நினைத்தால் அதைவிட அருவருப்பு. ஆறு வருடத்துக்கு முன் விட்டது. மூன்று முறை ஆட்கள் போய் இருந்துவிட்டுக் கதவைச் சாத்தி வந்தார்கள். அதன்பின் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பழசாம், தானாக இறங்குகிறதாம். இறக்கை வைத்த புது வாகனம் ஒன்று செய்கிறார்களாம், பஸ் போலப் போய்ப் போய் வருமாம். அது நேரத்துக்கு முடிந்திருந்தால் இதை மேலே தள்ளிவிட்டிருக்கலாமாம். முடியவில்லையாம். இங்குள்ள அரசாங்கக் கந்தோரில் கேட்கிற சாட்டு மாதிரியே இருக்கிறது.

என் கணவர் அந்த வீட்டை நம்பினார். முப்பது வருடம் இந்தக் குளத்துக்கு நீர்ப்பாசன ஓவசியராக இருந்தவர். பின்னேரங்களில் கூரைக்கு ஏறி, நட்சத்திரம் போல நகரும் அந்த வெள்ளியைக் காட்டுவார். "அங்க கட்டில் இருக்கு, மேசை இருக்கு, குளிக்கவும் இடமிருக்கு. திரும்பப் போவினம், இருந்து பாரும்." போன வருடம் அவர் போய்விட்டார். அவர்கள் போகவில்லை.

10.7.79 செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட சேலை வேலிக்கு அப்பால்.

மருதாயி முற்றம் கூட்டிவிட்டுப் போகாமல் நின்றாள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் சனம் அவள்.

"அம்மா, நாளைக்குத்தான் அது விழுதாங்க, ஒரு நாளு உங்க வீட்டுக்குள்ள இருந்துக்கிறோங்க. எங்களுது ஓலைங்க. பொண்ணு வேற மாசமா இருக்கா."

"வானத்தால விழுகிறதை என்ர கூரை தாங்குமோ? இது மழையில்லை."

"ஓலைக்கு அது தேவலைங்களே."

மாட்டேன் என்றேன். மூடத்தனத்துக்குப் பாய் விரித்துக் கொடுக்க என்னால் இயலாது. போன கிழமைதான் நிலத்துக்குச் சிவப்பு மெழுகு போட்டதும் ஒரு காரணம். அவர்கள் இந்த வீட்டில் கிணற்றடிக்கு இப்பால் வந்ததில்லை என்பதும். தேத்தண்ணி கொடுப்பது அங்கே ஆணியில் தொங்கும் தகரப் பேணியில்.

ம. விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போனாள்.

11.7.79 புதன்

ம. வரவில்லை. தேத்தண்ணி நானே போட்டேன். சீனி கூடிவிட்டது.

பின்னேரம் சந்திக் கடைச் சின்னத்துரை மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்துவிட்டு ஒரே சிரிப்பு. "உங்கட மருதாயி, மகள், அந்தச் சனம் முழுக்க, சட்டி பானையோட றோட்டுக்குக் கீழ இருக்கிற நீட்டு மதகுக்குள்ள. உங்கட வீட்டை விட்டால் இஞ்ச கொங்கிறீட் அதுதானே அம்மா."

முதலில் எனக்கும் வெறுப்புத்தான். பிறகுதான் நினைவு வந்தது: இன்று புதன். இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் முறை. ஐந்து மணிக்குக் குளத்தின் துருசுக் கதவு திறந்தால் அந்த மதகு வாய்வரை நிரம்பும். வயல்காரர் எல்லோருக்கும் முறை தெரியும். கூலிச் சனத்துக்கு வயலும் இல்லை, முறையும் இல்லை. யார் சொல்லியிருப்பார்கள்?

சின்னத்துரையை மதகுக்குப் போகச் சொன்னேன். கடையில் ஆளில்லையாம். என் கணவரின் குடையை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்கு நடந்தேன்.

துருசு திறக்கும் கந்தையா இரும்புச் சக்கரச் சில்லில் கை வைத்தபடி நின்றார்.

"கந்தையா, மதகுக்குள்ள சனம் இருக்கு. போய்ப் பாத்திட்டுத் திறவும்."

"மதகுக்குள்ள மனிசர் இருப்பினமோ? பகிடி விடாதேங்கோ அம்மா. கடைசி வயல்காரர் என்னைத் தின்னப்போறாங்கள்."

"ஐயா இருக்கேக்க திறக்க முதல் வாய்க்கால் வழிய நடந்து பாக்கிறேல்லையோ?"

"அது ஐயாவோட போச்சு. இப்ப ஆர் நடக்கிறது?"

குடையைச் சில்லின் கம்பிகளுக்குள் செருகிவிட்டுப் பக்கத்துச் சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்தேன். இந்த வயதில். சேலையில் கிறீஸ். கந்தையா என்னையும் என் பரம்பரையையும் வாய்க்குள் திட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வரும்போது திட்டவில்லை.

"ஓம் அம்மா. குழந்தையள் நித்திரை. எழுப்பி வெளியால விட்டிட்டன்."

பிறகு திறந்தார். தண்ணீர் போகும் சத்தம்.

வீட்டுக்கு வந்து முன்கதவைத் திறந்து வைத்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. யாரும் வரவில்லை. பள்ளிக்கூடக் கொட்டிலில் தங்குகிறார்களாம். அதுவும் ஓலை.

12.7.79 வியாழன்

றேடியோ: இந்து சமுத்திரத்திலும் அவுஸ்திரேலியாவின் வெறும் நிலத்திலும் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. வாசித்தவருக்கு நல்ல குரல். மதகைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

சந்தியில் ஏமாற்றம். கோழியைத் தின்றவர்கள் முட்டைக்கு அலைகிறார்கள். "அமெரிக்கன் எங்களைப் பேய்க்காட்டிப் போட்டான்" என்கிறார்கள். வெட்கம் கிடையாது.

பேப்பரில் இப்போதே அடுத்த கதை. புது வாகனம் வரும், இதைவிடப் பெரிய வீடு கட்டலாம், ஒருநாள் செவ்வாய்க் கிரகத்துக்கும் மனிதர் போகலாம். போகட்டும். அவரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் கட்டுவதற்கு முன், கட்டியதைப் போய்ப் பார்க்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கட்டும். மேலேயும் சரி, இங்கேயும் சரி.

குடையில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. திருத்தக் கொடுக்க வேண்டும். கிணற்றடிப் பேணியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். துருப்பிடித்தது, பார்க்கவே அருவருப்பு.

பின்னேரம் கூரைக்கு ஏறினேன். முழங்கால் வலி. வானம் வெறுமை.

13.7.79 வெள்ளி

காற்றுக் குறைவு.

ம. வந்தாள். முற்றம் கூட்டினாள். மகள் சுகமாம். வேறு கதை இல்லை. முன்பக்கத்தால் வரச்சொல்லி, பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்தேன்.

படியிலேயே நின்றாள். "உள்ள வேணாங்கம்மா. காலெல்லாம் மண்ணு."

"பரவாயில்லை, வா."

"அன்னைக்கும் இதே காலுதாங்க."

கிணற்றடிக்குப் போனாள். ஆணியில் பேணி இல்லை. என்னிடம் கேட்கவில்லை. வாளியில் அள்ளி, கையேந்திக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பின்வேலிப் படலையால் போனாள். தேத்தண்ணி மேசையில் ஆடை கட்டிக் கிடக்கிறது.