முப்பத்தெட்டாவது விண்ணப்பம்

அக்கா,

இன்று காலை எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், பேப்பரும் கையுமாக என் வீட்டுக்காரர், பல்லடத்திலிருந்து வந்திருந்த உங்கள் மகள், அவள் மடியில் நீங்கள் பார்க்காமலே போன உங்கள் பேத்தி. குழந்தையின் கையில், மாதா பக்தர்கள் கழுத்தில் அணியும் பழுப்புத் துணி உத்தரியம் ஒன்று. அதன் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"அம்மா பீரோவுல இருந்துதுன்னு அப்பா குடுத்தாருங்க சித்தி. கார்மேல் மலையில ரெண்டு வாங்கினாங்களாமா. ஒண்ணு அம்மா கழுத்தோடயே போயிருச்சு. இது யாருக்குங்க?" என்றாள். குழந்தையின் வாயிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு, "அத்தனை தூரம் போயி, என்னெ நெனச்சு ஒரு வார்த்தையாச்சும் வேண்டினாங்களா?"

"காப்பி ஆறுது, குடி கண்ணு" என்றுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

நம் கோயிலிலிருந்து புனித பூமிக்குப் போனோமே, வர முடியாதவர்களின் வேண்டுதல்களை எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகின கை. நோட்டில் வரிசை எண் போட்டு, வாசித்ததும் டிக் அடிக்க ஓரத்தில் கட்டமும் போட்டிருந்தேன். பெண்ணுக்கு வரன், கிணற்றில் தண்ணீர், புருஷனின் குடி என்று முப்பத்தேழு. ஹைஃபாவில் பஸ் கார்மேல் மலை ஏறும்போதுதான் நீங்கள் உங்களுடையதைச் சொன்னீர்கள்.

"எம் மக ஊட்டுக்கு வந்துரோணும்னு எழுதிக்க அம்மணி. நானாக் கேட்டா அழுதுபோடுவேன். நீ வாசிச்சா எல்லாத்தோட சேர்ந்து போயிரும்."

வேறு சாதிப் பையனோடு அவள் காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போய் அப்போது ஒரு வருஷம்.

அந்த மலைக்கோயிலில் பீடத்துக்குக் கீழே எலியா தீர்க்கதரிசி தங்கிய குகை. முட்டிவலியால் நீங்கள் படி இறங்காமல் வெளியே மதில் ஓரம் நின்றுவிட்டீர்கள். குகைக்குள் எல்லோரும் என் வாயையே பார்த்திருக்க, முப்பத்தேழு வரை வாசித்தேன். அடுத்ததற்கு நாக்கு எழவில்லை. ஓடிப்போனவள் பேரை ஊர்க்காரர் முன்னால், அதுவும் இந்த இடத்தில், எப்படி வாசிப்பது என்று ஒரு கூச்சம். அவளைப் பற்றி ஊரில் அதிகம் பேசினவளும் நான்தானே. நோட்டை மூடிவிட்டேன்.

வெளியே வந்ததும் கேட்டீர்கள். "வாசிச்சுப்போட்டயா அம்மணி?"

"வாசிச்சுட்டேனுங்கக்கா."

மழைக்காக ஜெபித்த எலியா, வேலைக்காரனை ஏழு தரம் கடலைப் பார்த்துவர அனுப்பிய மலை அது. ஏழாம் தரம்தானே கையளவு மேகம் தெரிந்தது. பஸ் புறப்படும்வரை நீங்களும் பெஞ்சுக்கும், கடல் தெரியும் மதிலுக்குமாக நடந்தீர்கள். கீழே ஹைஃபாத் துறைமுகம், வரிசையாகக் கப்பல்கள், கண் கூசும் வெயில். கூட வந்த உபதேசியார் கேலி பண்ணாமல் விடவில்லை. "ஏனுங்கக்கா, கப்பல்ல உங்க ஊட்டுக்குச் சீர் வருதுங்களா?"

"வருமுங்க. கையளவு வந்தாப் போதும்" என்றீர்கள்.

நான் எண்ணினேன் அக்கா. ஏழு தரம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் சிரித்த முகமாகத்தான் பஸ் ஏறினீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மூன்றாம் நாள், கைக்குழந்தையோடு அவள் உங்கள் வாசலில் வந்து நின்றாள். அன்று நான் வாசித்திருந்தால் நீங்கள் இருக்கும்போதே வந்திருப்பாளோ? ஜெபம் அப்படிக் கணக்குப் பார்க்காது என்று நம் கோயில் சாமியார் சொல்வார். எனக்கு மனசு ஆறவில்லை.

இன்று அவள் போனபின் நோட்டை எடுத்தேன். முப்பத்தெட்டின் கட்டம் காலியாகவே இருக்கிறது. மாதா படத்துக்கு முன் நின்று சத்தமாக வாசித்தேன். டிக் அடிக்கக் கை வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து மறுபடி வருகிறாள். உத்தரியம் அவளுக்குத்தான் என்றும், நீங்கள் ஏழு தரம் கடலைப் பார்த்தீர்கள் என்றும் சொல்வேன். நான் வாசிக்காமல் நோட்டை மூடினதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். நீங்கள் இன்னும் என்னை அம்மணி என்பீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் அக்கா.