காற்று அவிழ்த்த முடிச்சுகள்

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கைக்கு,

நேற்று நீ சந்தைக்குப் போயிருந்தபோது கம்சீன் புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. உன் மொட்டைமாடிக் கோழிகள் வெக்கையில் வாயைப் பிளந்து நின்றன. அவற்றையும் தூக்கிவந்து என் கோழிகளோடு படுக்கையறையில் அடைத்தேன். உனக்காக அல்ல, கோழிகள் என்ன பாவம் செய்தன?

பால்காரி நஜாத் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, கோழிங்களே ஒண்ணா படுத்திருக்கு. நீங்க எப்பப் பேசப்போறீங்க?"

"பாலை அளந்துட்டுக் கிளம்பு" என்றேன்.

இன்று குளிர்ந்துவிட்டது. கோழிகளை அனுப்பிவிடலாம்தான். ஆனால் அடையாளத்துக்குக் காலில் கட்டியிருந்தோமே, உன் சிவப்புத் துணி, என் நீலத் துணி, அத்தனை முடிச்சையும் காற்று அவிழ்த்துவிட்டது. எது யாருடையதென்று தெரியவில்லை. நீயே வந்து பிரித்துக்கொள். தேநீர் போடுகிறேன்.

துணி ஒன்றுகூடப் பறந்துபோகவில்லை; எல்லாவற்றையும் துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன்.

கோபம் தீராத
உன் அக்கா